மெட்டித் தழும்பு

(மும்பையின் சீத்தா கேம்ப்பில் மகளிர் நாளையொட்டி நடந்த மாலைக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அக்காக்களுக்கு முதல் நன்றி. நாலு வீட்டில் பெருக்கித் துடைக்கிற ஜாடு-கட்கா வேலை முடித்து, குழாயில் தண்ணீர் வருகிற நேரத்தையும் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

இங்கே வருகிற வழியில் விளக்குக் கம்பத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. தினம் ஒன்று ஒட்டுகிறார்கள், நீங்களும் பார்த்திருப்பீர்கள். "லேடீஸ் ஹெல்பர் சாஹியே. உம்ர் 18 சே 25." உதவிக்குப் பெண் வேண்டும், வயது 18 முதல் 25. கீழே ஒரு போன் நம்பர். என்ன வேலை என்று எழுதவில்லை. சம்பளம் எழுதவில்லை. எங்கே, எத்தனை மணி நேரம் என்றும் எழுதவில்லை. எப்படிப்பட்ட பெண் வேண்டும் என்பது மட்டும் சந்தேகமில்லாமல் இருக்கிறது.

அந்த நம்பருக்கு போன் போட்டால் மூன்று கேள்வி கேட்பார்கள். வயசு என்ன? கல்யாணம் ஆயிடுச்சா? எங்கே இருக்கே?

இந்த மூன்றும் காதுக்குக் குசலம் விசாரிப்பது போலத்தான் இருக்கும். ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்த பாட்டியும் இதைத்தான் கேட்பார், ரேஷன் வரிசையிலும் இதைத்தான் கேட்பார்கள். பதில் சொல்லிவிட்டுப் போய்விடுவோம். வேலை கேட்டுப் போகிற வாசலில் இதே கேள்வி வரும்போது அதற்குப் பின்னால் ஒரு சல்லடை இருக்கிறது. நாம் எந்தப் பக்கம் விழப்போகிறோம் என்பது அங்கேயே முடிந்துவிடுகிறது. கையெழுத்து எப்படி, கணக்கு வருமா, கை வேகமா என்று யாரும் பார்ப்பதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது.

மூன்றாவது கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். அது நம் ஊருக்கென்றே உள்ள கேள்வி.

எனக்கு அப்போது எட்டு வயது. அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டி ஜனதா காலனியில் இருந்தோம். எமர்ஜென்சி நேரம். 1976 மே 17 அன்று போலீஸ் வந்தது, புல்டோசர் வந்தது. ஏறக்குறைய 70,000 பேரை அங்கிருந்து பெயர்த்து இந்தச் சீத்தா கேம்ப் சதுப்பில் கொண்டுவந்து போட்டார்கள். கோலார் தங்கவயலில் பிறந்து பம்பாய்க்கு வந்த நம் ஜோக்கின் அற்புதம் அண்ணன் எத்தனையோ வழிகளில் போராடிப் பார்த்தார், இடிப்பு நிற்கவில்லை. என் அம்மா இட்லிப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு, அதைக் கீழே இறக்கக் காய்ந்த இடம் தேடி நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

அதே 1976-இல், மூன்று மாதம் முன்னால், பிப்ரவரி 11 அன்று டெல்லியில் சம ஊதியச் சட்டம் வந்தது. ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்றது. ஆள் எடுக்கும்போது பெண் என்பதற்காக ஒதுக்கக்கூடாது என்று அதன் 5-ஆவது பிரிவு சொன்னது. பெண்ணுக்கு வேலையின் வாசலைத் திறந்துவிட்ட அதே அரசுதான், அந்தப் பெண் கிளம்பிப் போக வேண்டிய வீட்டு வாசலை இடித்தது. சட்டம் ஒரு பக்கம் நடக்கும், வாழ்க்கை இன்னொரு பக்கம் நடக்கும் என்பதை எட்டு வயதிலேயே பார்த்துவிட்டேன். அது புரியத்தான் நாளாயிற்று.

பன்னிரண்டாவது முடித்த கையோடு 1987-இல் செம்பூரில் ஒரு கடைக்கு பில் போடும் வேலைக்குப் போனேன். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் என் விண்ணப்பத்தை மேலிருந்து படித்துக்கொண்டே வந்தார். பெயர், மார்க், எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். முகவரியில் விரல் நின்றது. "சீத்தா கேம்ப்பா?" என்றார். காகிதத்தை மடித்து, "சொல்லி அனுப்புகிறோம்" என்றார். அடுத்த கடைக்குப் போகும்போது என் சித்தி வீட்டு முகவரியை எழுதினேன். பம்பாய்-88 என்பதை பம்பாய்-71 ஆக்கினேன். வேலை கிடைத்துவிட்டது. அதே மார்க், அதே கையெழுத்து, அதே பெண். மாறியது பின்கோடு மட்டும்.

நம் அரசியல் சட்டத்தின் 16-ஆவது பிரிவில் ஒரு பட்டியல் இருக்கிறது. மதம், இனம், சாதி, பால், வம்சாவளி, பிறந்த இடம், வசிக்கும் இடம், இவற்றை வைத்து அரசு வேலையில் யாரையும் ஒதுக்கக்கூடாது. "வசிக்கும் இடம்" அதில் இருக்கிறது, கவனியுங்கள். ஆனால் அந்தப் பிரிவு பேசுவது அரசு வேலையைப் பற்றி. செம்பூர்க் கடைக்காரரை அது தொடாது. இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் பட்டியலில் வயது இல்லை. அதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

இப்போது இரண்டாவது கேள்வி. கல்யாணம் ஆயிடுச்சா?

அந்த பில் வேலையில் மூன்று வருஷம் இருந்தேன். கல்யாணம் நிச்சயமானதும் மஞ்சள் தடவிய பத்திரிகையை எடுத்துக்கொண்டு போய் முதலாளியிடம் நீட்டினேன். வாழ்த்தினார். நல்ல மனிதர்தான், ஒரு ஸ்டீல் குடமும் வாங்கிக் கொடுத்தார். அந்த மாதக் கணக்கையும் அப்போதே முடித்துக் கையில் கொடுத்துவிட்டார். என் கல்யாணப் பத்திரிகையை ராஜினாமா கடிதமாக எடுத்துக்கொண்டார். அதில் தப்பு இருப்பதாக அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை, என் அப்பாவுக்கும் தோன்றவில்லை.

அதற்கு 25 வருஷம் முன்னாலேயே, இதே ஊரில் வேலை செய்த பெண்களுக்காக, உச்ச நீதிமன்றம் இதைத் தப்பு என்று சொல்லியிருந்தது என்பது எனக்குத் தெரியாது. 1965-இல் வந்த தீர்ப்பு. பம்பாய் லேபர் யூனியன் ஒரு மருந்துக் கம்பெனிமேல் தொடுத்த வழக்கு. அந்தக் கம்பெனியின் ஒரு பிரிவில் கல்யாணமாகாத பெண்களைத்தான் வைத்திருந்தார்கள். கல்யாணமானால் வேலை போய்விடும் என்பது விதி. கல்யாணமானவள் அடிக்கடி லீவு போடுவாள், குழுவாகச் செய்கிற வேலை கெட்டுப்போகும் என்பது கம்பெனியின் வாதம். நீதிமன்றம் அதைப் பிரித்துப் பார்த்தது. விதவையை வைத்துக்கொள்கிறீர்களே, அவளுக்கும் பிள்ளைகள் உண்டே. அவளைவிட இவள் எதற்காக அதிகமாக லீவு போடப்போகிறாள்? கல்யாணமானவளுக்குக் கூடுதலாக இருப்பது பேறுகால விடுப்பு ஒன்றுதானே, அதைச் சமாளிக்க முடியாதா? விதி ரத்தானது.

இவ்வளவு எளிமையான கேள்வியைக் கேட்க உச்ச நீதிமன்றம் வேண்டியிருந்தது என்பதுதான் ஆச்சரியம்.

இது சின்னக் கம்பெனி, படிக்காத முதலாளி சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். குடகில் பிறந்து சென்னையில் படித்த சி. பி. முத்தம்மா, 1949-இல் இந்திய வெளியுறவுப் பணிக்குத் தேர்வான முதல் பெண். கல்யாணம் செய்தால் வேலையை விட்டுவிடுகிறேன் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் சேர்த்தார்கள். முப்பது வருஷம் உழைத்தபின் பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது அவர் உச்ச நீதிமன்றம் போனார். 1979-இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர் தன் தீர்ப்பில் கேட்டது இதைத்தான்: பெண் கல்யாணம் செய்தால் குடும்பக் கவனிப்பு வேலைக்கு இடைஞ்சல் என்றால், ஆண் கல்யாணம் செய்தால் அதே இடைஞ்சல் வராதா? நாட்டுக்காக வெளிநாட்டில் போய்ப் பேசுகிற பெண்ணுக்கும், செம்பூரில் பில் போடுகிற பெண்ணுக்கும் ஒரே விதி இருந்திருக்கிறது.

1981-இல் ஏர் இந்தியா வழக்கு. விமானப் பணிப்பெண் 35 வயதில் ஓய்வுபெற வேண்டும். அல்லது சேர்ந்து நாலு வருஷத்துக்குள் கல்யாணம் செய்தால். அல்லது முதல் முறை கர்ப்பமானால். எது முதலில் வருகிறதோ அன்றைக்கு வீடு. அதே விமானத்தில் அதே தட்டை ஏந்துகிற ஆணுக்கு 58 வயது வரை வேலை. நர்கேஷ் மீர்சா என்ற பணிப்பெண்ணின் பெயரால் அறியப்படும் அந்த வழக்கில், கர்ப்பத்துக்காக வெளியே அனுப்புவது பெண்மைக்கே இழுக்கு என்று கடுமையாகச் சொல்லி அந்த விதியை நீதிமன்றம் தூக்கியெறிந்தது. ஆனால் நாலு வருஷக் கல்யாணத் தடை நியாயம்தான் என்று விட்டுவிட்டது. குடும்பக் கட்டுப்பாட்டுக்கு அது நல்லது என்றுகூடக் காரணம் சொன்னது! ஆண் பணியாளர் ஒரு தனி வகுப்பு, பெண் பணியாளர் ஒரு தனி வகுப்பு, ஆகவே இது பால் வேற்றுமை மட்டும் இல்லை என்றது. இந்தத் தர்க்கத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். "பெண் என்பதற்காக இல்லை, வேறு காரணத்துக்காக" என்று சொல்லிவிட்டால் சட்டத்தின் கண்ணில் மண்ணைத் தூவலாம் என்ற வழி அதில் இருக்கிறது.

பிறகு 1991-இல் நீரா மாத்தூர் வழக்கு. எல்.ஐ.சி.யில் வேலைக்குச் சேரும் பெண் ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, கடைசியாக எப்போது வந்தது, எத்தனை முறை கருத்தரித்தாய், எத்தனை முறை கலைந்தது, எல்லாம் கேட்டிருந்தார்கள். பாலிசி ஃபைலைப் பார்க்க வந்தவளிடம்! உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டங்களை நீக்கச் சொன்னது, வேலையிலிருந்து நீக்கப்பட்டிருந்த நீரா மாத்தூரை மீண்டும் சேர்க்கச் சொன்னது.

படிவத்திலிருந்து கேள்வி போய்விட்டது. எங்கே போயிற்று? வாசலுக்குப் போயிற்று.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி. பெயர் வேண்டாம். 23 வயது, கல்யாணமாகி ஒரு வருஷம். நகரத்துக்கு வெளியே ஒரு பேக்கிங் யூனிட்டில் ஆள் எடுக்கிறார்கள், கல்யாணமாகாதவர்கள் மட்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். முந்தின ராத்திரி மாமியார் தூங்கினபின், சோப்பு நுரை போட்டு மெட்டியைக் கழற்றியிருக்கிறாள். தாலியைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து பர்ஸில் வைத்துக்கொண்டாள். காலையில் முதல் பஸ் பிடித்து மான்குர்த் போய், ரயில் மாறிப் போய்ச் சேர்ந்தாள். வயசு சரி, மார்க் ஷீட் சரி. உள்ளே போகும்போது செருப்பை வெளியே விடச் சொன்னார்கள். சோதனை செய்த அம்மா குனிந்து காலைப் பார்த்தார். இரண்டாவது விரலில், ஒரு வருஷம் மெட்டி இருந்த இடத்தில், வெளுத்த ஒரு வளையம். "ஷாதி ஹோ கயா நா?" என்றார், கல்யாணம் ஆயிடுச்சுதானே என்று. அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் என் வீட்டுப் படியில் உட்கார்ந்து அதைச் சொன்னாள். அழவில்லை. "கழட்டினது வேஸ்ட் டீச்சர், ஒரு மாசம் முன்னாடியே கழட்டியிருக்கணும்" என்றாள். எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் ஒரு புலனாய்வுச் செய்தி வெளியிட்டபோது அந்தக் கால்விரல்தான் என் ஞாபகத்துக்கு வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் பொருத்தும் ஃபாக்ஸ்கான் ஆலையில், பொருத்தும் வேலைக்குக் கல்யாணமான பெண்களைப் பெரும்பாலும் எடுப்பதில்லை என்று அந்தச் செய்தி சொன்னது. வேலை தேடிப்போன அக்கா தங்கை இருவரை வாசலில் செக்யூரிட்டியே "கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார். ஆள் எடுத்துக் கொடுக்கும் ஏஜென்சிக்காரர்கள் காரணம் சொன்னார்கள். வீட்டுப் பொறுப்பு, கர்ப்பம், லீவு. அதோடு மெட்டியும் தாலியும் உலோகம், உற்பத்திக்கு இடைஞ்சல் என்றார்கள். புதிதாகச் சேர்த்தவர்களில் 25 சதவீதம் கல்யாணமானவர்கள்தான் என்று கம்பெனி மறுத்தது. மத்தியத் தொழிலாளர் துறை தமிழ்நாட்டு அரசிடம் அறிக்கை கேட்டது. எந்தச் சட்டத்தைக் காட்டி? நாம் இங்கே கொண்டுவந்து கொட்டப்பட்ட வருஷத்துச் சட்டம், 1976-இன் அந்த 5-ஆவது பிரிவு. 2024 நவம்பரில், வேலை விளம்பரங்களில் வயது, பால், கல்யாணம் இவற்றைப் போடக்கூடாது என்று ஏஜென்சிகளுக்குக் கம்பெனி சொல்லியிருப்பதாகவும் செய்தி வந்தது.

உலோகம் இடைஞ்சல் என்றால், வேலைக்கு வரும்போது கழற்றி வை என்று சொன்னால் போதும். சோப்பு நுரையில் ஒரு நிமிஷ வேலை. கழற்றி வைக்க முடியாதது கல்யாணம்தான்; அவர்கள் பார்ப்பதும் அதைத்தான்.

முதலாளி பக்கத்து நியாயத்தையும் கேட்டுவிடுவோம். ஆறு மாதம் ஒருத்தி வராவிட்டால் நஷ்டம் இல்லையா? 2017-இல் பேறுகால விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக்கினார்கள். அந்தச் சம்பளத்தை யார் கொடுப்பது? பெரிய சம்பளக்காரர்களுக்கு முதலாளியே கொடுக்க வேண்டும். ஆகவே அவர் கணக்குப் போடுகிறார், பெண்ணைத் தவிர்க்கிறார். அந்தக் கணக்கை நான் புரிந்துகொள்கிறேன்.

இந்தச் சிக்கலை நம் ஊரில் அன்றைக்கே புரிந்துகொண்டவர் அம்பேத்கர். 1928-இல் பம்பாய் சட்டசபையில் பேறுகால உதவி மசோதா வந்தபோது அதை ஆதரித்துப் பேசினார். தாய்க்கு ஓய்வு தருவது நாட்டுக்கே நன்மை, ஆகவே இந்தச் சுமையில் பெரும்பங்கை அரசு ஏற்க வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டார். அதற்காக முதலாளி தப்பிக்கவும் விடவில்லை. பெண்ணை வைத்தால் லாபம் என்றுதானே வைக்கிறான், ஆகவே ஒரு பங்கு அவனுக்கும் உண்டு என்றார். 1929-இல் சட்டம் வந்தது. சுமை முதலாளி தலையில் விழுந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் இந்த ஊர் மில்களில் பெண்களின் பங்கு தேய்ந்துகொண்டே போயிற்று. இரவு வேலைத் தடை, புது மெஷின், இந்தச் செலவு எல்லாம் சேர்ந்த காரணம்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், இதை எல்லோரும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். நம் பெண்கள் போகிற வேலைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. தொழிலாளர் அரசு காப்பீடான இ.எஸ்.ஐ. பொருந்துகிற இடத்தில், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவளுக்குப் பேறுகாலப் பணத்தை இ.எஸ்.ஐ. கொடுக்கிறது. முதலாளி பையிலிருந்து போகாது. அவர் கட்டுவது சம்பளத்தில் 3.25 சதவீதம். ஆணை வைத்தாலும் அதே 3.25, பெண்ணை வைத்தாலும் அதே 3.25, அவள் பெற்றாலும் பெறாவிட்டாலும் அதே 3.25. புது ஆளைப் பழக்குகிற சிரமம் உண்டு, மறுக்கவில்லை. அந்தச் சிரமம் வேலையை விட்டு ஊருக்குப் போய்விடுகிற பையனாலும் வருகிறது. அவனிடம் வாசலில் யாரும், "ஊரில் திருவிழா உண்டா?" என்று கேட்பதில்லை.

இனி முதல் கேள்விக்கு வருகிறேன். வயசு என்ன?

ஒரு பெண்ணுக்கு வேலைக்கேற்ற வயது எப்போது வருகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 வயதில், "கல்யாணம் பண்ணிட்டுப் போயிடுவா." 24-இல், "குழந்தை பெத்துக்கப் போறா." 28-இல், "குழந்தைக்குக் காய்ச்சல்னு லீவு போடுவா." 33-இல், "ஸ்கூலுக்கு விடணும்பா." 36-இல் பிள்ளைகள் வளர்ந்து, காலையில் ஒன்பது மணிக்கு வீடு காலியாகி, இப்போது என்னால் முழு மனதோடு வேலை செய்ய முடியும் என்று அவள் கிளம்பி நிற்கிறபோது சொல்கிறார்கள்: "வயசு ஜாஸ்தி." இடைவெளியே இல்லாமல் அடுக்கியிருக்கிறார்கள்.

அந்தக் கம்பத்துக் காகிதத்தில் கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை என்பதைக் கவனித்தீர்களா? 18 முதல் 25 என்று மட்டும்தான் இருக்கிறது. அதுவே போதும். கல்யாணம் கேட்டால் சட்டம் கேட்கும், பத்திரிகை எழுதும். வயது கேட்டால் யார் கேட்பார்? அமெரிக்காவில் 1967-லேயே, 40 வயதுக்கு மேற்பட்டவர்களை வயதுக்காக ஒதுக்கக்கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டத்தில் வயது இருக்கிறது. இங்கே தனியார் கம்பெனி வயதைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்குவதைத் தடுக்கப் பொதுச் சட்டம் எதுவும் இல்லை. 1976 சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பரில் ஊதியச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஆள் எடுக்கும்போது பால் வேற்றுமை கூடாது என்பது அதிலும் இருக்கிறது. வயது அதிலும் இல்லை. ஏர் இந்தியா தீர்ப்பில் ஞாபகம் வைக்கச் சொன்னேனே, அந்த வழி இதுதான். "பெண் என்பதற்காக இல்லை, வயசுக்காக." நம் ஊரில் வயது வரம்பு என்பது பல நேரம் கல்யாணக் கேள்வியின் மறுபெயர்.

வயதையும் பாலையும் சேர்த்து ஒரே வரியில் எழுதிய சட்டம் ஒன்றும் இருந்தது. 1914-ஆம் ஆண்டு பஞ்சாப் கலால் சட்டம், டெல்லியிலும் செல்லும். மது பரிமாறும் இடத்தில் 25 வயதுக்குக் கீழ் ஆண்களும், எந்த வயதுப் பெண்ணும் வேலை செய்யக்கூடாது என்றது. ஆணுக்கு 25 வயதில் புத்தி வந்துவிடுமாம். பெண்ணுக்கு எந்த வயதிலும் வராதாம்! 2007 டிசம்பரில் அனுஜ் கார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. பெண்ணுக்குப் பாதுகாப்பில்லை என்றால் பாதுகாப்பைக் கொடு, வேலையைப் பறிக்காதே என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

இங்கே ஒன்று கேட்கிறேன். வயசே கேட்காத வேலை எது? கையைத் தூக்குங்கள்.

பார்த்தீர்களா, முன்வரிசை முழுக்கக் கை! வீட்டு வேலைக்கு வயசு கேட்பதில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளையையும் வைப்பார்கள், எழுபது வயது ஆயாவையும் வைப்பார்கள். வீட்டில் உட்கார்ந்து டஜன் கணக்கில் பாசி கோர்க்கிற வேலைக்கு வயசு கேட்பதில்லை, கல்யாணம் கேட்பதில்லை, முகவரியும் கேட்பதில்லை. ஏன்? அங்கே கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை. பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை, வார லீவு இல்லை, சம்பளச் சீட்டு இல்லை. எந்த வேலையில் கொஞ்சம் உரிமை ஒட்டியிருக்கிறதோ அந்த வேலையின் வாசலில்தான் ஆள் நிற்கிறார், கேள்வி கேட்கிறார். 36 வயதுப் பெண்ணை இந்த ஊர் வேண்டாம் என்று சொல்லவில்லை. உரிமை உள்ள கதவை மூடிவிட்டு, உரிமை இல்லாத கதவு வழியாக உள்ளே எடுத்துக்கொள்கிறது.

ஆண்களும் சிரிக்க வேண்டாம். உங்களுக்கு அந்தக் கேள்வி கொஞ்சம் தாமதமாக வருகிறது, அவ்வளவுதான். 1982 ஜனவரி 18 அன்று தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய மில் வேலைநிறுத்தத்தில் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் இறங்கினார்கள். மில்கள் மூடியபின், தறியைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டத் தெரிந்த 45 வயது மனிதர்களை வேறு எந்தத் தொழிற்சாலையும் எடுக்கவில்லை. எத்தனையோ பேர் காய்கறி வண்டி தள்ளினார்கள், வாட்ச்மேன் ஆனார்கள்.

நம் தெருவிலும் ஒரு அண்ணாச்சி இருக்கிறார். திருநெல்வேலிப் பக்கம். இருபது வருஷம் மெஷின் ஓட்டினவர். கம்பெனி மூடியபோது வயது 48. போன இடமெல்லாம் "உம்ர் ஜாஸ்தி ஹை" என்றார்கள். இப்போது ஒரு கம்பெனி வாசலில் நீலச் சட்டை போட்டு, பிளாஸ்டிக் ஸ்டூலில் பன்னிரண்டு மணி நேரம். ஒரு நாள் அந்தப் பக்கம் போனேன். வேலை கேட்டு வந்த ஒரு பெண்ணிடம் அவர் கேட்டுக்கொண்டிருந்தார், "கல்யாணம் ஆயிட்டா தாயி?"

அவள் போனபின் கேட்டேன், "அண்ணாச்சி, நீங்களுமா?"

"நான் என்னத்த செய்ய டீச்சர்? மேல உள்ளவன் கேக்கச் சொல்லுதான். கேக்காம உள்ள விட்டேம்னா, நாளைக்கு இந்த ஸ்டூல்ல வேற ஆளு இருப்பான்."

வயதுக்காக வெளியே தள்ளப்பட்ட மனிதரை வைத்தே, கல்யாணத்துக்காக ஒரு பெண்ணை வெளியே தள்ளுகிறார்கள். இரண்டு பேரும் நம் தெரு. உள்ளே ஏ.சி. அறையில் இருப்பவர் இருவரையும் பார்ப்பதே இல்லை. கேள்வியைக் கேட்கிற வாய் நம்முடையதாக இருக்கும்போது, கேட்கச் சொன்ன வாய் தப்பித்துக்கொள்கிறது.

நம்மிலும் பலர் ஆள் எடுக்கிறோம். ஜரிகைப் பட்டறை வைத்திருக்கும் பாய்கள் இங்கே இருக்கிறார்கள். கேன்டீன் காண்ட்ராக்ட் எடுக்கும் தம்பிகள் இருக்கிறார்கள். ஏஜென்சிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் அக்காக்கள் இருக்கிறார்கள். "நல்ல பொண்ணுதான், ஆனா இப்பதான் கல்யாணம் ஆச்சு" என்ற அந்த "ஆனா"வை நாமும் சொல்லியிருக்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் ஆயா வேலைக்கு ஆள் கேட்டபோது, "சின்ன வயசா இருந்தா நல்லா ஓடியாடுவா" என்று என் வாயால் சொல்லி, 42 வயதுக்காரி ஒருத்தியைத் தட்டிக் கழித்திருக்கிறேன். சின்ன வயசுக்காரி இரண்டு மாதத்தில் நின்றுவிட்டாள்.

ஆகவே இரண்டே விஷயம் கேட்டுக்கொள்கிறேன். ஆள் எடுக்கிறவர்கள் வேலையைப் பற்றிக் கேளுங்கள். மூட்டை தூக்க வேண்டுமா, "தூக்க முடியுமா?" என்று கேளுங்கள், தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். ராத்திரி ஷிஃப்டா, "வர முடியுமா?" என்று கேளுங்கள். பதில் சொல்ல வேண்டியது அவள். அவளுடைய கால்விரல் பதில் சொல்ல வேண்டாம்.

வேலை தேடுகிறவர்கள், முந்திக்கொண்டு கேளுங்கள். போன் எடுத்தவர் வயசு கேட்பதற்கு முன்னால், "என்ன வேலை, என்ன சம்பளம், பி.எஃப். இ.எஸ்.ஐ. உண்டா?" என்று கேளுங்கள். சிலர் போனை வைத்துவிடுவார்கள். வைக்கட்டும், பஸ் காசு மிச்சம்.

கடைசியாக ஒன்று. ஃபாக்ஸ்கான் செய்தி எப்படி நிலைத்து நின்றது தெரியுமா? வாய்ப்பேச்சால் மட்டும் நிற்கவில்லை. "கல்யாணமாகாத பெண்கள், இந்த வயது முதல் இந்த வயது வரை" என்று ஏஜென்சிக்காரர்கள் தாங்களே வெளியிட்ட விளம்பரங்களை அந்தச் செய்தியாளர்கள் பார்த்துப் பதிவு செய்திருந்தார்கள். வெளியிட்டவர்களாலேயே மறுக்க முடியாத சாட்சி அது.

கூட்டம் முடிந்து போகிற வழியில் அந்த விளக்குக் கம்பம் இருக்கிறது. போன் கையில் இருக்கிறவர்கள் அந்தக் காகிதத்தை ஒரு படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். மழை வந்தால் அது கரைந்துவிடும்.